குறைந்த இரைச்சலை யாரும் சந்தேகிப்பதில்லை

இந்த இலையுதிர் காலத்தில் இரைச்சல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய லண்டனுக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள், நான் அறிய, ஆறு பேர். இருவர் குவாண்டம் கருவிகளில் எழும் இரைச்சலையும், இருவர் உணரிகளில் எழுவதையும், ஒருவர் பாலங்களின் அதிர்வையும், ஒருவர் கைபேசிச் சமிக்ஞைகளையும் எடுத்திருக்கிறீர்கள். நான் அறியாமல் ஏழாவது ஆள் ஒருவர் எங்காவது தனியாக அலைந்துகொண்டிருப்பாரோ என்ற கவலையும் எனக்கு உண்டு. அவரும் இதைப் படிக்கட்டும்.

உங்களில் மூவர் ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தீர்கள். இரைச்சல் ஆய்வுக்கு இப்போது பல இடங்களில் வாய்ப்பு இருக்கிறது; அடுத்த ஆண்டு வர நினைக்கும் நண்பர்களுக்கு எந்த ஆய்வகத்தைச் சொல்வது, எதை வைத்து எடை போடுவது என்று. கருவிகள் எத்தனை, கட்டுரைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் குடியிருக்கும் மிச்சம் என்ற லண்டன் புறநகரில் டிராம் ஏறினால் பெட்டியில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். ஆனால் ஓர் ஆய்வகத்தை அப்படி அறிய முடியாது. அதற்குப் பதிலாக, ஓய்வு பெறுவதற்கு முன் என்னிடம் கடைசியாகப் பட்டம் முடித்த நிரோஜாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நிரோஜா பாரிஸில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் பெற்றோருடன் லண்டனின் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவள். தகப்பனுக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை. மகள் இரைச்சலைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், பிளேன் சத்தத்துக்கை வளர்ந்த பிள்ளை. இனி அதிலை படிக்க என்ன கிடக்கு?"

இது காதில் விழும் சத்தம் அல்ல என்று விளக்கினேன். ஒரு கம்பியில் மின்னோட்டம் அசையாமல் ஓட வேண்டும். உற்றுப் பார்த்தால் அது ஓயாமல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைத்தான் நாங்கள் இரைச்சல் என்கிறோம். அவர் சிறிது யோசித்தார். அப்படியானால் அதை நிறுத்துவதுதான் மகளின் வேலையோ என்று கேட்டார். நிறுத்த ஏலாது, ஏன் நடுங்குகிறது என்று கேட்பதுதான் வேலை என்றேன். "அப்ப கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதை உண்டாக்கியவர் எனக்கு முன் அங்கே தலைவராக இருந்த பேராசிரியை. என்னை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் பேராசிரியை என்றே எழுதுகிறேன். ஒரு மாணவர் தன் ஆய்வின் முக்கிய அத்தியாயத்தை முடிப்பதற்கு முன், இன்னொரு மாணவர் அவரது இருக்கையில் ஒரு வாரம் உட்கார்ந்து, அதே அளவீட்டைத் தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் உரியவர் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. நாங்கள் இதை இருக்கை மாற்றம் என்போம். முதல் தடவை கேள்விப்படுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். தங்களை நம்பவில்லை என்று அவர்களுக்குப் படும்.

நிரோஜா அளந்தது, தலைமுடியைவிட மெல்லிய ஒரு பட்டையில் ஓடும் மின்னோட்டத்தை. கோட்பாடு சொல்வதைப் போல இரண்டு மடங்கு இரைச்சல் அதில் இருப்பதாக அவளுக்குத் தெரிந்தது. அது உண்மையானால் புதிய விஷயம். அவளுடைய மூன்று ஆண்டு உழைப்பும் அந்த ஒரு அத்தியாயத்தில்தான் நின்றது. அத்துடன் எடின்பரோவில் உணரிகள் செய்யும் ஓரிடத்தில் அவளுக்கு வேலையும் ஒழுங்காகியிருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. தவறினால் அடுத்தவரை எடுத்துவிடுவார்கள்.

அந்த மாதத் தொடக்கத்தில் இருக்கை மாற்றம் நடந்தது. அவள் இடத்தில் உட்கார்ந்தவன் கார்த்திக். மதுரைக்காரன், இரண்டாம் ஆண்டு மாணவன். மேசையில் ஒரு திருகாணி இடம் மாறி இருந்தாலும் அவனுக்கு மனம் பொறுக்காது. அப்படிப்பட்டவன் ஒரு வாரம் அளந்துவிட்டு வந்து சொன்ன இரைச்சல், அவள் சொன்னதில் பாதி. கோட்பாடு சொல்லும் அளவிலேயே இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. நீங்களும் முதல் மாதத்திலேயே கேட்டிருப்பீர்கள். வெளியிலிருந்து வரும் எதுவும் இரைச்சலைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மின்விளக்கு கூட்டும், லிப்ட் கூட்டும், பக்கத்து அறை மோட்டார் கூட்டும். ஆகவே ஒரே பொருளை இருவர் அளந்து இரண்டு அளவு வந்தால், குறைந்ததுதான் உண்மைக்குக் கிட்ட. நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் படிப்பித்தேன்.

நிரோஜாவைத் தேநீர் அறைக்கு அழைத்து அதைச் சொன்னேன். குறைந்த அளவை வைத்து அத்தியாயத்தைத் திருத்தி எழுதலாம். கோட்பாடு சரி என்று முடிக்கலாம். பட்டம் கிடைக்கும், எடின்பரோ வேலையும் கிடைக்கும். அவள் கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"விதி எனக்கும் தெரியும், சேர். அப்ப என்ரை இரைச்சல் எங்கை இருந்து வந்தது? அதைக் காட்டுங்கோ. காட்டினா இண்டைக்கே எடுத்துவிடுறன்."

நியாயமான கேள்வி. மிகையாக வந்த இரைச்சலுக்கு ஒரு மூலம் இருக்கத்தானே வேண்டும். நான் தேடத் தொடங்கினேன். லிப்டை ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைக்கச் சொல்லி, ஐந்தாம் மாடியில் இருப்பவர்களிடம் பேச்சு வாங்கினேன். தேநீர் அறைக் குளிர்பெட்டியை நிறுத்தினேன், பால் திரிந்தது. தாழ்வாரத்து விளக்குகளை அணைத்தேன். யாரோ சுவரில் மோதிக்கொண்டார்கள். நிரோஜாவின் கைபேசி, கைக்கடிகாரம், கம்பளிச் சட்டை வரை சந்தேகித்தேன். ஒவ்வொன்றையும் விலக்கிவிட்டு அவள் திரும்ப அளப்பாள். அளவு மாறாது. பதினொரு சந்தேகங்களை எண்ணி வைத்திருந்தேன். பதினொன்றும் பொய்த்தன. மாதத்தில் இன்னொரு வாரமும் போய்விட்டது.

பேராசிரியை ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் வியாழக்கிழமைகளில் ஆய்வகத்துக்குத் தேநீர் குடிக்க வருவார். அந்த வியாழன் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "ஒரு வாரமாக அவளுடைய நாற்காலியைச் சோதித்திருக்கிறாய். அவனுடைய நாற்காலியை யார் சோதித்தது?" என்றார்.

அவனுடையதுதான் குறைந்த அளவு, அதில் சோதிக்க என்ன இருக்கிறது என்றேன்.

"கருவிக்கு இரைச்சலைக் கூட்ட மட்டுமே தெரியும். குறைப்பதற்கு ஒரு மனிதன் வேண்டும்" என்றார். பிறகு இன்னொரு பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டார்.

அன்றே கார்த்திக்கை அழைத்தேன். நிரோஜாவும் இருந்தாள். குற்றம் சாட்டுவது போல ஆகிவிடக் கூடாது என்பதால், அளந்த பிறகு பதிவுகளை என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டேன். அவன் ஒளிக்காமல் உடனே சொன்னான்.

"தாவல் இருந்த பதிவை எல்லாம் எடுத்துட்டேன் சார். லூஸ் கான்டாக்ட்தானே அது? எங்க காலேஜ்லயும் அப்படித்தான் பண்ணுவோம்."

தாவல் என்று அவன் சொன்னது இதை: மின்னோட்டத்தின் கோடு ஒரு மட்டத்தில் நடுங்கியபடி போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு படி மேலே ஏறி நிற்கும், பிறகு பழைய மட்டத்துக்கே இறங்கும். கம்பி சரியாகப் பொருந்தாமல் ஆடினாலும் இப்படித்தான் தெரியும். அதனால் இந்தத் தொழிலில் தாவலைக் கண்டவுடன் கை தானாக அந்தப் பதிவைத் தள்ளிவிடும். நிரோஜா ஒன்றையும் தள்ளவில்லை. எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருந்தாள். இருவர் அளவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அந்தத் தாவல்கள்தான்.

எத்தனை எடுத்தாய் என்றேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்றான்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று நிரோஜா கேட்டாள்.

"இதையெல்லாம் யாரு சொல்லுவாங்க அக்கா? சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவினேன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"அப்ப என்ரை மூண்டு வருசத்தையும் சேத்தெல்லோ கை கழுவிப்போட்டீர்."

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். அவன் முகம் வெளிறிவிட்டது.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இக்கட்டு இங்கேதான் தொடங்கியது. அந்தத் தாவல்கள் உண்மையில் ஆடுகிற கம்பியால் வந்தவையாக இருந்தால், கார்த்திக் செய்ததே சரி. அல்லது பட்டைக்குள் இருக்கும் ஏதோ ஒரு சிறு குறையில் ஓர் எலக்ட்ரான் சிக்குவதும் விடுபடுவதுமாக இருந்தால், தாவல் அந்தப் பொருளின் இயல்பு. அப்போது நிரோஜா சரி. பிரித்தறிய ஒரு வழி இருந்தது. பட்டையைச் சிறிது சிறிதாகச் சூடாக்கினால், எலக்ட்ரானின் தாவல் ஒழுங்காக வேகம் பிடிக்கும். ஆடுகிற கம்பிக்கு அப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு வாரத்துக்கு மேல் தேவை. சமர்ப்பிக்க இரண்டு வாரமே இருந்தது.

உலக நடப்புத் தெரிந்த யாரும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். குறைந்த அளவைப் போட்டு நாளைக்கே கொடு, எடின்பரோவுக்குப் போ, சோதனையைப் பிறகு யாராவது செய்யட்டும் என்பார்கள். அது பொய்யும் ஆகாது. விதி எங்கள் பக்கம் இருந்தது. நானும் அதை ஆதரிக்கும் காரணங்களை எண்ணிக்கொண்டே வீடு போனேன். ஒன்பது வந்தது. எதிராக ஒன்றுதான். தான் நம்பாத ஓர் அளவின் கீழ் அவள் தன் பெயரை எழுத வேண்டியிருக்கும்; அந்தப் பெயரை இன்னும் நாற்பது ஆண்டு சுமக்கப் போகிறவள் அவள்.

மறுநாள் அவளிடம் இரண்டு வழியையும் வைத்தேன். சோதனை செய்தால், அது கம்பியின் ஆட்டம் என்று முடியவும் கூடும். அப்போது அத்தியாயமும் இல்லை, வேறொன்று எழுத நேரமும் இல்லை. வேலை கை நழுவிப் போய்விடும். நான் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் இடையில் நிறுத்தினாள்.

"விளங்குது, சேர். நான் வெளியிலை இருக்கிறன். கதவைச் சாத்துங்கோ."

வழக்கப்படி அளக்க வேண்டியவர் இன்னொருவர். கார்த்திக்கே முன்வந்தான். அந்த வாரம் அவனுக்கு இரண்டாம் ஆண்டு மதிப்பீடு இருந்தது. குழுவிடம் தானே போய்த் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு வந்தான். "நான் தள்ளினதை நானே பாக்குறேன் சார். அக்கா உள்ள வரக்கூடாது" என்றான்.

அந்த நாட்களை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன், அப்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றாலும். நிரோஜா தேநீர் அறையில் மடிக்கணினியுடன் உட்கார்ந்து மற்ற அத்தியாயங்களைத் திருத்தினாள். அளவீட்டு அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே திரையைப் பார்ப்பாள். மேற்பார்வையாளன் என்ற முறையில் நான் உள்ளே போய் வரலாம். உள்ளே கண்டதைச் சொல்லத்தான் கூடாது. ஆனால் என் முகம் ஒன்றையும் ஒளிக்காது. முதல் நாள் வெளியே வந்தபோது அவள் என் முகத்தைப் படிக்க முயன்றதைப் பார்த்தேன். அதன் பிறகு உள்ளே போவதையே நிறுத்திவிட்டேன். அவளுடைய தாய் கார்த்திக்குக்கும் சேர்த்துச் சோறு கட்டி அனுப்பினார். அவன் அளவீடு மகளின் வேலைக்கே உலை வைக்கலாம் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டி இரண்டாக வந்தது. ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பில் உறைப்பு அதிகம் என்று கார்த்திக் முறையிட, "மதுரைக்காரருக்கு இது கூடவோ?" என்று அவள் கேட்டாள். அந்த வாரத்தில் அவர்கள் ஆய்வைப் பற்றிப் பேசாமல் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கார்த்திக் கதவைத் திறந்து அங்கேயே நின்றான்.

"அக்கா, உள்ள வாங்க."

திரையில் ஆறு வெப்பநிலைகளுக்கு ஆறு கோடுகள். மிகக் குறைந்த வெப்பத்தில் தாவல்கள் இடைவெளி விட்டு வந்தன. அடுத்ததில் கொஞ்சம் நெருக்கம். அதற்கடுத்ததில் இன்னும் நெருக்கம். படிப்படியாக, ஒரு இடத்திலும் பிசகாமல். எந்தக் கம்பியும் அவ்வளவு ஒழுங்காக ஆடாது. "இந்தத் தடவை ஒரு பதிவைக் கூடத் தள்ளலை" என்றான் கார்த்திக். அவன் கணக்கிட்டு வைத்திருந்த இரைச்சலின் அளவு, அவள் முன்பு சொன்ன அதே இரண்டு மடங்கு.

நிரோஜா தன் இருக்கையில் உட்கார்ந்து ஆறு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "கார்த்திக், உம்மடை முதல் அளவையும் புத்தகத்திலை போடுவன்" என்றாள்.

"ஐயோ, அது வேண்டாம்க்கா."

"போடத்தான் வேணும். போடாட்டி அடுத்த ஆளும் இப்பிடித்தான் எடுத்துத் தள்ளுவார், ஒருத்தருக்கும் தெரியவராது."

ஆய்வேடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. இரண்டு அளவுகளும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எதை ஏன் தள்ளினோம் என்ற விளக்கத்துடன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓர் ஆய்வகத்துக்கு நேர்முகத்துக்குப் போனால், உங்களிடம் கேள்வி கேட்டு முடித்த பிறகு நீங்களும் ஏதாவது கேளுங்கள் என்பார்கள். கருவியின் விலையைக் கேட்காதீர்கள். என் அளவீட்டை இங்கே வேறு யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அதற்கு நேரம் இல்லை என்று சொல்லும் இடமானால், எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் இன்னொரு தடவை யோசியுங்கள். உங்கள் அளவை ஒருவர் பாதியாக்கிக் கொண்டுவந்து வைக்கும் நாளில் உங்களுக்கு நெஞ்சு எரியும். எரியட்டும். அவர் ஒரு வாரத்தை உங்களுக்காகச் செலவழித்திருக்கிறார் என்பதையும் நினையுங்கள். கூடிய அளவைச் சந்தேகிக்க எல்லோரும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எதிர்பார்த்தபடி அமைந்துவிட்ட அளவையும் அதே கண்ணால் என்னைப் பார்க்க வைத்தவர்கள் மூவர்: பிஸ்கட்டோடு வந்த ஒருவர், கேட்டவுடன் ஒளிக்காமல் சொன்ன ஒருவன், மூலத்தைக் காட்டும்வரை விட்டுக்கொடுக்காத ஒருத்தி. நான் படிப்பிக்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது இது. அதற்கு நான் கடன்பட்டவன்.

வாய்மொழித் தேர்வு நவம்பரில் நடந்தது. நிரோஜா எடின்பரோவிலிருந்து ரயிலில் வந்தாள். தேர்வாளர்கள் இருவர். நானும் கார்த்திக்கும் தாழ்வாரத்தில் நின்றோம். தன் அளவு இருக்கும் பக்கத்தை நீக்கச் சொல்லிவிடுவார்களோ, அல்லது அதை வைத்தே அவளை மடக்குவார்களோ என்று அவன் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கும் அதே பயம்தான்.

அவள் வெளியே வந்தாள். பட்டம் உறுதி. கார்த்திக்கின் பக்கத்தை அப்படியே விடச் சொன்னார்களாம். அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்களாம். திருத்தம் ஒன்றே ஒன்று. கோட்பாட்டுக்கு மேல் வருவதை எங்கள் துறையில் மிகை இரைச்சல் என்று எழுதுவது வழக்கம். அவளும் அப்படியே எழுதியிருந்தாள். தேர்வாளர் ஒருவர் கேட்டாராம்: அது அந்தப் பொருளுக்கே உரியது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள், பிறகு அதை மிகை என்பது எப்படி? அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

அன்று பின்னேரமே தேநீர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். கார்த்திக் ஒவ்வொரு இடமாகத் தேடிச் சொன்னான், அவள் எடுத்தாள். சில இடங்களில் வாக்கியத்தையே மாற்ற வேண்டியிருந்தது. கடைசி இடமும் முடிந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் அனுப்பும் பொத்தானுக்குக் கிட்ட விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னொருக்காப் பாக்கட்டோ, சேர்?"

மூன்று ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"தேவையில்லை, பிள்ளை" என்றேன். "அனுப்பும்."